பல்பை விட மூலைதான் முக்கியம்: கோழிக்குஞ்சுகளை வெளிக்கூண்டுக்கு மாற்றும் முறை

போன மார்கழியில் 20 சிறுவிடை (நாட்டுக்கோழி வகை) குஞ்சுகளைத் திண்ணையிலிருந்து கொல்லைக் கூண்டுக்கு மாற்றினேன். முதல் ராத்திரியே மூன்று போய்விட்டன. குளிரில் விறைத்துவிட்டன என்று நினைத்தேன். ஆனால் மூன்றும் கிடந்தது ஒரே மூலையில், தட்டையாக. குளிருக்கு ஒதுங்கி ஒன்றன்மேல் ஒன்று ஏற, அடியில் இருந்தவை மூச்சு முட்டிச் செத்திருக்கின்றன.

இது இன்குபேட்டர் குஞ்சு வாங்கியவர்களுக்கு. தாய்க்கோழி கூடவே இருந்தால் இந்த வேலையே வேண்டாம், அது பார்த்துக்கொள்ளும்.

1. இறகைப் பாருங்கள். குஞ்சுக்கு வேண்டிய சூடு முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைவு. இதுதான் கணக்கு. நாலாவது வாரம் 26 டிகிரி போதும் என்பதால், மதுரைப் பக்கம் பகலில் கவலையில்லை, ராத்திரிதான் சிக்கல். முதுகிலும் நெஞ்சிலும் பூமயிர் உதிர்ந்து இறகு மூடியிருக்க வேண்டும். அதற்கு நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். மாற்றுவதற்கு ஐந்து நாள் முன்பே பகலில் பல்பை அணைத்துப் பழக்குங்கள்.

2. குண்டு பல்பு. எல்இடி பல்பு வேண்டாம். அது வெளிச்சம் தரும், சூடு தராது. (ஒரு ராத்திரி முழுக்க 9 வாட்ஸ் எல்இடி எரியவிட்டு, தெம்பாகத் தூங்கியவன் நான்.) குஞ்சுக்கு 2 வாட்ஸ் வீதம் பார்த்தால், 20 குஞ்சுக்கு ஒரு 60 வாட்ஸ் குண்டு பல்பு தாராளம். ஒயரில் தொங்கவிடாமல் சங்கிலியில் கட்டுங்கள். அறுந்து உமியில் விழுந்தால் தீதான். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் தொடங்கி, தேவைக்கு ஏற்றி இறக்கலாம்.

3. மூலையை ஒழியுங்கள். நான் கோட்டைவிட்டது இங்கேதான். எங்கள் அப்பத்தா காலையில் வந்து பார்த்துவிட்டு, "பஞ்சாரம் ஏன்டா வட்டமா இருக்கு, யோசிச்சியா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். (பஞ்சாரம் என்றால் கோழியைக் கவிழ்த்து மூடும் கூடை.) கூண்டு சதுரமாகவே இருக்கட்டும். உள்ளே ஒன்றரை அடி உயர அட்டையையோ தகரத்தையோ வட்டமாக வளைத்து நிறுத்துங்கள். குஞ்சுகள் ஒதுங்கினாலும் சிக்கிக்கொள்ள மூலை இருக்காது. எனக்குத் தகரம்தான் பிடிக்கும், அட்டை நாலே நாளில் நனைந்து நைந்துவிடுகிறது. கீழே இரண்டு அங்குலம் நெல் உமி. ஈரமான இடத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள், ஈர உமியில் உட்கார்ந்தால் பல்பு எரிந்தும் பயனில்லை.

4. காற்று. மார்கழி வாடை வடக்கேயிருந்து வரும். அந்தப் பக்கம் தரையிலிருந்து இரண்டடிக்குச் சாக்கு கட்டுங்கள். சந்து இருக்கிறதா என்று தெரிய, குஞ்சு நிற்கும் உயரத்தில் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள், புகை சாய்ந்தால் காற்று நுழைகிறது. அதற்காக மேலேயும் மூடிவிடக் கூடாது. நான் தார்ப்பாயால் முழுக்க மூடியதில் காலையில் கண் எரியும் அளவுக்கு எச்ச நெடி.

5. காலையில் மாற்றுங்கள். பத்து மணி வாக்கில், பழைய தண்ணீர்க் கிண்ணம், தீனித்தட்டோடு சேர்த்து. சாயங்காலம் மாற்றினால் இடம் பிடிபடாமல் மிரண்டு கும்பல் கூடும்.

அப்புறம், ராத்திரி ஒன்பது மணிக்குச் சத்தமில்லாமல் போய்ப் பாருங்கள். பல்புக்கு அடியில் குவிந்து கீச்சென்று கத்தினால் குளிர். ஓரத்தில் விலகி வாய் பிளந்திருந்தால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கியிருந்தால் எதிர்ப்பக்கம் காற்று நுழைகிறது. பரவலாகப் படுத்திருந்தால் நீங்களும் போய்ப் படுக்கலாம். நான் தெர்மாமீட்டர் வாங்கினேன், இப்போது அது எங்கே கிடக்கிறதோ.

பின்னால் சேர்த்தது: கரண்ட் போனால் என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். சுடுதண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வட்டத்துக்குள் வையுங்கள், ஆறினால் மாற்றுங்கள். கரிச்சட்டி வேண்டவே வேண்டாம், அடைத்த இடத்தில் அந்தப் புகையே கொன்றுவிடும். சித்திரையில் மாற்றுகிறவர்களுக்குப் பெரும்பாலும் பல்பே தேவைப்படாது. நிழலும் தண்ணீரும் பாருங்கள். கீரி, பாம்பு நுழையாதபடி சின்னக் கண் வலை மட்டும் எந்த மாதமானாலும் வேண்டும்.