நகரத் திட்டத்தில் இயற்கைக்கு இடம் ஒதுக்குவது எப்படி?

நகரத் திட்டம் வரைபவர்கள் பெரும்பாலும் சாலைக்கும் மனைக்கும் கட்டடத்துக்கும் இடம் ஒதுக்கி முடித்த பிறகு, மூலை முடுக்குகளில் மிஞ்சிய துண்டு நிலங்களைப் பூங்கா என்று குறித்துவிடுகிறார்கள். பின்னாளில் அந்நகரம் வெயிலில் தகிப்பதற்கும் மழையில் மிதப்பதற்கும் இந்த வரிசை ஒரு முக்கியக் காரணம். ஆகவே நீரின் வழியையும் மண்ணின் தன்மையையும் வரைபடத்தில் குறித்த பிறகே சாலைக்குக் கோடு போட வேண்டும்.

முதலில் நீரைப் பாருங்கள். நில மட்ட அளவுகளைக் கொண்டு, மழைநீர் எந்தப் பக்கம் இறங்குகிறது, எங்கே தேங்குகிறது, இன்று மூடிக் கிடக்கும் ஓடைகள் முன்பு எவ்வழியே சென்றன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய நில அளவை வரைபடங்களும் அங்கு நெடுங்காலம் வாழ்ந்தவர்களின் நினைவும் இதற்குப் பெரிதும் உதவும். இவ்வாறு தெரியவரும் தாழ்வான இடங்களையே பூங்காவாகவும் விளையாட்டுத் திடலாகவும் ஒதுக்கினால், பெருமழை நாளில் அவை வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும். மற்ற நாட்களில் மக்களுக்குப் பயன்படும். சிங்கப்பூரின் பிஷான்–ஆங் மோ கியோ பூங்காவில், 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்கோடாக இருந்த கான்கிரீட் கால்வாயை உடைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்து செல்லும் ஆறாக மாற்றினார்கள். 2012-இல் திறக்கப்பட்ட அந்தப் பூங்காவின் புல்வெளிச் சரிவுகளே ஆற்று வெள்ளம் பரவும் இடங்களாகவும் இருக்கின்றன. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரமும் 2011 ஜூலையில் கொட்டித் தீர்த்த பெருமழைக்குப் பிறகு, பூங்காக்களையும் சதுக்கங்களையும் சில தெருக்களையும் மழைநீரைத் தாங்கும் இடங்களாக மாற்றத் திட்டமிட்டது.

அடுத்தது மண். தோற்றுப்போகும் மரம் நடும் திட்டங்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தோற்கின்றன. நடைபாதையில் நீளம், அகலம், ஆழம் மூன்றும் ஒரு மீட்டர் என்று குழி வெட்டினால் வேருக்குக் கிடைப்பது ஒரு கனமீட்டர் மண் மட்டுமே. நன்கு படர்ந்து நிழல் தர வேண்டிய பெரிய மரத்துக்கோ இருபது கனமீட்டருக்கு மேல் தேவைப்படுகிறது. குழியைச் சுற்றிலும் சாலைக்காக உருளை விட்டு இறுக்கிய மண்ணில் காற்றும் நீரும் நுழைவதில்லை என்பதால், வேர்கள் மேலெழும்பி நடைபாதைக் கற்களைப் பெயர்க்கின்றன. கடைசியில் பழி மரத்தின்மேல் விழுகிறது. தனித்தனிக் குழிகளுக்குப் பதிலாகத் தெரு நெடுகத் தொடர் அகழி அமைத்து, பல மரங்கள் மண்ணைப் பகிர்ந்துகொள்ளுமாறு செய்வதே சரியான வழி. மின்கம்பி, குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றின் பாதையையும் அப்போதே முடிவு செய்துவிட வேண்டும்.

மழைநீரை உறிஞ்சும் பள்ளத் தோட்டம் அமைப்பதற்கு முன் ஓர் எளிய சோதனை அவசியம். 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி, நீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடியும் நிரப்பி, ஒரு மணி நேரத்தில் நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். ஒன்றரை சென்டிமீட்டர்கூட இறங்கவில்லையென்றால், அடியில் சரளைக் கல்லும் துளைக் குழாயும் இட்டு வடிகாலோடு இணைக்க வேண்டும். தேங்கும் நீர் இரண்டு நாட்களுக்குள் வடிந்துவிட்டால், கொசுப் புழுக்கள் வளர்ந்து கொசுவாகப் பறப்பதற்கு வாய்ப்பில்லை.

எந்த மரம் என்ற கேள்வி இதற்குப் பிறகே வருகிறது. ஒரே நோயில் தெரு முழுவதும் மொட்டையாகிவிடாதிருக்க, அமெரிக்க மர மரபியலாளர் ஃபிராங்க் சாண்டமோர் 1990-இல் முன்வைத்த வரம்பு பயன்படும்: மொத்த மரங்களில் ஓர் இனம் 10 சதவீதத்தையும், நெருங்கிய இனங்கள் சேர்ந்த ஒரு பேரினம் 20 சதவீதத்தையும், பேரினங்கள் சேர்ந்த ஒரு குடும்பம் 30 சதவீதத்தையும் தாண்டக்கூடாது. உயர்ந்த கட்டடங்களுக்கு இடைப்பட்ட, வாகன நெரிசல் மிகுந்த குறுகிய தெருவில் அடர்ந்த கிளைகள் கூரைபோல் மூடினால் புகை கீழேயே தங்கிவிடக்கூடும். அங்கே சாலைக்கும் நடைபாதைக்கும் நடுவே தாழ்வான புதர் வேலி மேலானது.

எவ்வளவு பசுமை போதும் என்பதற்கு, நகர்ப்புற மரங்களை ஆராயும் சிசில் கொனைனென்டைக் முன்வைத்த 3-30-300 என்ற அளவை நான் பரிந்துரைப்பேன்: வீட்டிலிருந்து பார்த்தால் மூன்று மரங்களாவது தெரிய வேண்டும், குடியிருப்புப் பகுதியில் 30 சதவீதம் மர நிழல் இருக்க வேண்டும், 300 மீட்டருக்குள் ஒரு பூங்கா இருக்க வேண்டும். முதல் எண் அழகுக்காகச் சொல்லப்பட்டதாகத் தோன்றலாம். ஆனால், மருத்துவமனை ஜன்னல் வழியே மரங்களைப் பார்க்க முடிந்த அறுவை சிகிச்சை நோயாளிகள், செங்கல் சுவரை மட்டுமே பார்த்தவர்களைவிட விரைவில் வீடு திரும்பியதையும், வீரியமான வலிநிவாரணிகளைக் குறைவாக எடுத்துக்கொண்டதையும் ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984-இலேயே பதிவு செய்திருக்கிறார்.

எங்கே தொடங்குவது என்பதில் தயக்கம் வேண்டாம். தரை வெப்பத்தைக் காட்டும் செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றின்மேல் மக்கள் நெருக்கத்தையும் வருமானத்தையும் பொருத்திப் பார்த்து, வெப்பம் மிகுந்த ஏழைக் குடியிருப்புகளுக்கு முதல் நிதியை ஒதுக்குங்கள். கொலம்பியாவின் மெடலின் நகரம் சாலை ஓரங்களையும் நீரோடைக் கரைகளையும் பசுமைத் தடங்களாக மாற்றியபோது, பின்தங்கிய பகுதி மக்களுக்கே தோட்டப் பயிற்சி கொடுத்து வேலையும் கொடுத்தது.

நடவு விழாவில் எத்தனை கன்றுகள் நடப்பட்டன என்ற கணக்கை நான் பொருட்படுத்துவதில்லை. முதல் மூன்று ஆண்டுகளுக்கான தண்ணீர், தாங்குகம்பு, பட்டுப்போன கன்றுக்கு மாற்று ஆகியவற்றின் செலவை நடவு ஒப்பந்தத்திலேயே சேர்த்து, மூன்றாம் ஆண்டு முடிவில் உயிரோடு நிற்கும் மரங்களை எண்ணிய பிறகே ஒப்பந்ததாரருக்குக் கடைசித் தவணையைக் கொடுங்கள்.