வைஸ் இல்லாமலே பலகையை அசையாமல் பிடிப்பது எப்படி?

யாங்கூனில் எங்கள் வீட்டுப் பின்கட்டில், சாமி அலமாரிக்காகப் பழைய தேக்குப் பலகை ஒன்றை இழைத்தேன். இழைப்புளியைத் தள்ளத் தள்ளப் பலகையும் கூடவே ஓடியது. சி கிளாம்ப் போட்டால் பலகை நிற்கிறது, ஆனால் இழைப்புளி கிளாம்பிலேயே போய் இடிக்கிறது. கழற்றி மாட்டியே காலைப்பொழுது போய்விட்டது. இப்போது வைஸ் (மேசையில் பொருத்தும் திருகுப் பிடி) இல்லாமலே வேலை நடக்கிறது.

முதலில், கருவி எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பாருங்கள். அந்தப் பக்கம் ஒரு தடுப்பு இருந்தால் பாதி வேலை முடிந்தது.

1. மேசையின் முனையில் குறுக்காக ஒரு சட்டத்தைத் திருகுங்கள். இழைக்கும் பலகையைவிட அது தாழ்வாக இருக்கட்டும். திருகாணித் தலைகள் நன்றாகப் புதைய வேண்டும், இல்லாவிட்டால் இழைப்புளித் தகடு பல் போய்விடும்.

2. ஒரு முழ நீளத் துண்டுப்பலகையின் முனையில் 90 பாகைக்கு வாய் வெட்டுங்கள். அடியில் உப்புத்தாள் ஒட்டுங்கள். இழைக்கும் பலகையின் பின்மூலை இந்த வாயில் உட்காரும், பக்கவாட்டில் நகராது.

3. அந்த வாய்ப்பலகையை மேசையோடு அழுத்திப் பிடிக்க ஹோல்ட்ஃபாஸ்ட் வேண்டும். கைத்தடி போல வளைந்த இரும்புக் கம்பிதான் அது. மேசையில் 19 மி.மீ. துளை, கம்பி அதைவிடச் சற்றே ஒல்லி. கொட்டாப்புளியால் தலையில் தட்டினால் கம்பி துளைக்குள் சாய்ந்து, மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் இறுகிக்கொள்ளும். கழற்ற, வளைவின் பின்பக்கம் ஒரு தட்டு.

எனக்கு முதலில் இது இறுகவே இல்லை, எத்தனை தட்டினாலும் துள்ளி வெளியே வந்தது. கம்பியைக் குறை சொல்லி இரண்டு நாள் போனது. குறை மேசையில் இருந்தது: மேசைப்பலகை 1 அங்குலக் கனம்தான், அந்தக் கனத்தில் கம்பி சாய்ந்து இறுக இடமில்லை. அடியில் 2 அங்குலக் கட்டையை ஒட்டித் திருகி, மூலைமட்டத்தைப் பக்கத்தில் நிறுத்தி, நேராகத் துளை போட்டேன். ஒரே தட்டில் பிடித்துக்கொண்டது! கம்பி வழவழப்பாக இருந்தால் 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் சுற்றித் தேயுங்கள். மழைக்காலத்தில் துருவுக்குப் பயந்து எண்ணெய் பூசாதீர்கள், பிடி வழுக்கும். உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும்.

உளி வேலைக்கு ஹோல்ட்ஃபாஸ்டை நேராகப் பலகை மேலேயே வைக்கலாம். தழும்பு விழாமல் இடையில் ஒரு மரச்சில்லு வையுங்கள். கையில் காசு கொஞ்சம்தான் என்றால், மலிவு வைஸ் வாங்குவதைவிட நல்ல ஹோல்ட்ஃபாஸ்ட் இரண்டு வாங்குவதையே சொல்வேன்.

பிற்சேர்க்கை: மோல்மேனிலிருந்து ஒருவர், தன் மேசை 5 அங்குலக் கனம், அதிலும் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தார். கனம் கூடினாலும் கம்பி சாயாது. அடிப்பக்கத்திலிருந்து துளையை அகலப்படுத்தி, மேலே 3 அங்குலம் மட்டும் பழைய அளவில் விடச் சொன்னேன். இப்போது பிடிக்கிறதாம்.