ஜெபத்துக்கு அப்புறம் 32 நிமிடம்

கத்தோலிக்கப் பள்ளியில் பெண்கள் கூடைப்பந்து அணிக்குக் கோச்சாகப் போகிறீர்களா? ஆட்டத்துக்கு முன் வட்டமாக நின்று ‘அருள் நிறைந்த மரியே’ சொல்ல உங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நாம் எதை மதிக்கிறோம் என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்வது, யாரை எப்போது களத்தில் இறக்குகிறோம் என்பதை வைத்துத்தான்.

முதலில் கணக்கு. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஆட்டம் பெரும்பாலும் 8 நிமிடக் குவார்ட்டர் நான்கு. களத்தில் ஐந்து பேர். ஆக, நீங்கள் பங்கிட்டுக் கொடுக்க வேண்டியது 160 நிமிடம். பன்னிரண்டு பேருக்குச் சமமாகப் பிரித்தால் தலைக்கு 13 நிமிடச் சொச்சம். ஜேவி (ஜூனியர் வார்சிட்டி) என்கிற இரண்டாம் நிலை அணியில் கூடியவரை இதை ஒட்டியே போங்கள். பள்ளியின் முதன்மை அணியான வார்சிட்டியில் அது நடக்காது, பரவாயில்லை. ஆனால் எதை வைத்துப் பிரிக்கிறீர்கள் என்பதைச் சீசனுக்கு முன்பே பிள்ளைகளையும் பெற்றோரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள். நான் பார்ப்பது மூன்று: பயிற்சிக்கு ஒழுங்காக வருகிறாளா, பந்து பறிபோனதும் டிஃபென்ஸுக்குத் திரும்பி ஓடுகிறாளா, பெஞ்சில் எப்படி இருக்கிறாள். அதிகப் புள்ளி எடுக்கிறவள் காரணம் சொல்லாமல் பயிற்சிக்கு வரவில்லை என்றால் முதல் குவார்ட்டரில் அவள் பெஞ்சில்தான், எதிரணி யாராக இருந்தாலும் சரி.

பெஞ்சில் இருப்பவர்களுக்கும் வேலை வேண்டும். எதிரணியின் ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டு எந்தப் பக்கம் பந்தைத் தட்டிக்கொண்டு போகிறாள் என்று ஒருத்தி பார்க்கட்டும். நம்மவர்கள் எத்தனை பாஸைத் தட்டிவிட்டார்கள் என்று இன்னொருத்தி எண்ணட்டும். டைம் அவுட்டில் அவர்களிடம் கேளுங்கள், அவர்கள் சொன்னதை உடனே பயன்படுத்துங்கள்.

வெற்றி கேட்டு ஜெபிக்க வேண்டாம். எதிரணியும் அதே மாதாவிடம்தான் வேண்டிக்கொண்டிருக்கும். இரண்டு அணிக்கும் காயம் வராமல் இருக்க வேண்டுங்கள். இருபது புள்ளி முன்னிலை வந்ததும் களம் முழுக்க எதிரணியை நெருக்கும் ஃபுல் கோர்ட் பிரஸை நிறுத்துங்கள், ரிசர்வ் ஆட்டக்காரிகளை இறக்குங்கள். அதற்காக வேண்டுமென்றே தப்பாக ஆடச் சொல்லாதீர்கள், எதிரணிக்கு அது இன்னும் பெரிய அவமானம்.

விசுவாசமும் ஜெயிக்கும் வெறியும் ஒத்துப்போகாது என்று யாராவது சொன்னால் இம்மாகுலாட்டா கல்லூரியைக் காட்டுங்கள். அந்தக் காலத்தில் அது பென்சில்வேனியாவின் சிறிய கத்தோலிக்கப் பெண்கள் கல்லூரி. கேத்தி ரஷ் கோச்சாக இருந்தபோது 1972, 1973, 1974 என்று மூன்று ஆண்டும் தேசியச் சாம்பியன். கன்னியாஸ்திரிகள் கேலரியில் உட்கார்ந்து வாளியைத் தட்டி ஆரவாரம் செய்வார்கள்.

உடம்பு விஷயம்: முழங்காலில் ஏ.சி.எல். என்கிற தசைநார் கிழிவது பெண் பிள்ளைகளுக்குப் பையன்களைவிட அதிகம். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் மடங்காமல் இறங்கும் பழக்கத்தை ஒவ்வொரு வார்ம் அப்பிலும் செய்ய வையுங்கள். எடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள்.

கடைசியாக, அணித் தேர்வு. பட்டியலைக் கதவில் ஒட்டிவிட்டுப் போவது எனக்குப் பிடிக்காது. தேர்வாகாத பிள்ளை தன் பெயரைக் கூட்டத்துக்கு நடுவே தேட வேண்டியதில்லை. ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டு நேரில் சொல்லுங்கள். மூடிய அறை வேண்டாம், ஜிம்மின் ஓரத்தில் மற்றவர் கண்ணில் படுகிற இடம் போதும். “இன்னும் உழைக்கணும்” என்று பொதுவாகச் சொன்னால் அவளுக்கு ஒன்றும் புரியாது. இடது கையில் லே அப் (ஓடிவந்து கூடைக்குப் பக்கத்தில் பந்தைப் போடுவது), டிஃபென்ஸில் கால் நகர்த்துவது என்று இரண்டே இரண்டு விஷயம் சொல்லுங்கள், எப்படிப் பழகுவது என்று அங்கேயே செய்து காட்டுங்கள். அழுதால் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் இருங்கள், அடுத்த பெண் காத்திருக்கட்டும்.