உலங்குவானூர்தியில் ஏறும் மருத்துவக் கருவிகளுக்குப் பறப்புத் தகுதி பெறும் முறை

இலங்கையின் வடக்கேயுள்ள நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் துறைக்குப் படகு ஓட முடியாதபடி கடல் கொந்தளிக்கும் நாட்களில், அவசர நோயாளரை உலங்குவானூர்தியில் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவருவது உண்டு. யாழ்ப்பாணத்தில் செய்ய முடியாத சிகிச்சை தேவைப்படுவோரைப் பலாலி விமான நிலையத்திலிருந்து கொழும்புக்கு அருகேயுள்ள இரத்மலானைக்கு விமானத்தில் அனுப்பும் தேவையும் எழலாம். நோயாளருடன் அவரது நிலையைக் காட்டும் மொனிற்றர், செயற்கைச் சுவாசக் கருவி, மருந்தைச் சீராகச் செலுத்தும் சிறிஞ்ச் பம், இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டிபிபிரிலேற்றர், ஒட்சிசன் உருளை ஆகியனவும் ஏறுகின்றன. வைத்தியசாலை விடுதியில் பிழையின்றி இயங்கும் கருவி வானிலும் அவ்வாறே இயங்கும் என்றோ, விமானத்தின் கருவிகளைக் குழப்பாது என்றோ விடுதிச் சோதனைகளை வைத்துச் சொல்ல முடியாது. அதை உறுதிசெய்யும் ஒழுங்கை, வைத்தியசாலைகளின் உயிர்மருத்துவப் பொறியியல் பிரிவினரை மனத்திற்கொண்டு இங்கே விளக்குகிறேன்.

முதலில், எதற்கு அனுமதி கேட்கிறோம் என்பதை எழுத்தில் வரையறுக்க வேண்டும். கருவியின் மாதிரி, மென்பொருள் பதிப்பு, பற்றரி, கம்பிகள், அதைப் பிடித்து வைக்கும் தாங்கி, ஏறவிருக்கும் வானூர்தியின் வகை, பறக்கும் உயரம் ஆகிய எல்லாம் சேர்ந்த தொகுப்புக்கே அனுமதி பொருந்தும். இவற்றில் ஒன்று மாறினாலும் முன்னைய சோதனை முடிவை அப்படியே எடுத்தாள முடியாது. பெல் 212, பெல் 412 ஆகிய இரு உலங்குவானூர்திகளை எடுத்துக்கொள்வோம். இரண்டின் பிரதான சுழலியும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 320 தரம் சுற்றுகின்றது. முன்னையதற்கு இரண்டு தகடுகள், பின்னையதற்கு நான்கு தகடுகள் என்பதால், தகடுகள் எழுப்பும் அதிர்வு ஒன்றில் செக்கனுக்குச் சுமார் 11 தரமாகவும் மற்றதில் சுமார் 21 தரமாகவும் இருக்கும். ஒன்றில் அசையாது நின்ற தாங்கி மற்றதில் ஒத்ததிர்ந்து ஆட இடமுண்டு.

அனுமதி தருபவர் யார் என்பதையும் தொடக்கத்திலேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டத்தின் கீழான மருத்துவச் சாதனப் பதிவு, கருவியை நாட்டில் பயன்படுத்துவதற்கு உரியது; பறப்பதற்கு அது போதாது. சிவில் விமானம் எனில் இயக்குநர் நிறுவனமும் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையும் பொறுப்பு. 1944ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கை அரச விமானங்களைத் தன் வரம்புக்கு வெளியே வைத்திருப்பதால், விமானப்படையின் உலங்குவானூர்தி எனில் அப்படையின் பொறியியலாளரையே அணுக வேண்டும். கையில் கொண்டு ஏறி இறக்கும் கருவிக்கும், தளத்திலோ சுவரிலோ பொருத்தப்படும் கருவிக்கும் நடைமுறை வேறு. பின்னையது வானூர்தியின் வடிவமைப்பில் செய்யும் மாற்றமாகக் கணிக்கப்படும் என்பதால், அந்தப் பொருத்துகைக்குத் தனியான வடிவமைப்பு அனுமதி வேண்டும்.

அடுத்து, தயாரிப்பாளரிடம் சோதனை அறிக்கைகளைக் கேட்டுப் பெற வேண்டும். விற்பனைப் பிரசுரத்தில் காணப்படும் 'வான்வழிப் பயணத்துக்கு ஏற்றது' என்ற ஒற்றை வரியால் எனக்கு ஒருபோதும் திருப்தி ஏற்பட்டதில்லை. வைத்தியசாலைக்கு வெளியேயான அவசர சேவைச் சூழலுக்குச் சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழுவின் நியமமான ஐஈசி (IEC) 60601-1-12, வான்வழி அம்புலன்ஸ் கருவிகளுக்கு ஐரோப்பிய நியமமான ஈஎன் (EN) 13718-1, வானூர்தி உபகரணங்களின் சூழற் சோதனைகளுக்கு 2010இல் வெளிவந்த டீஓ-160ஜி (DO-160G) ஆகியன முக்கியமானவை. டீஓ-160ஜியின் 8ஆம் பிரிவு அதிர்வையும், 14ஆம் பிரிவு உப்பு மூடுபனியையும், 15ஆம் பிரிவு காந்த விளைவையும், 20ஆம் 21ஆம் பிரிவுகள் வானொலி அலைகளைத் தாங்குவதையும் வெளிவிடுவதையும் பற்றியவை. ஒவ்வொரு பிரிவிலும் பல வகுப்புகள் உள்ளன. எந்த வகுப்பில் தேறியது என்று குறிப்பிடாத அறிக்கையிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

உயரத்தின் தாக்கம் பாதையைப் பொறுத்தது. நெடுந்தீவுப் பயணத்தில் உலங்குவானூர்தி 1000 அடியளவில் பறந்தால், அமுக்கம் 1013இலிருந்து ஏறத்தாழ 977 ஹெக்ரோபஸ்காலுக்கே குறைகிறது. அடைபட்ட வாயு நூற்றுக்கு நான்கு வீதமளவில் விரியும், அவ்வளவே. அமுக்கம் பேணப்படாத விமானமொன்று 8000 அடியில் இரத்மலானைக்குச் செல்லும்போது அமுக்கம் ஏறத்தாழ 753 ஹெக்ரோபஸ்காலாகி, வாயு மூன்றிலொரு பங்கு விரிகிறது. அப்போது சுவாசக் குழாயின் காற்றுப்பை இறுகும். உயரத்துக்கேற்பத் தன் அளவைத் திருத்திக்கொள்ளாத சுவாசக் கருவி தான் காட்டும் அளவிலிருந்து விலகிய கனவளவைச் செலுத்தக்கூடும். ஆகவே கருவி எந்த அமுக்கம் வரை சோதிக்கப்பட்டது என்பதைக் கையேட்டில் பார்த்து, பறக்கும் உயரத்துடன் ஒப்பிட வேண்டும். ஐஈசி 60601-1-12 நியமம் 620 ஹெக்ரோபஸ்கால் வரை எதிர்பார்க்கிறது.

வானூர்தியின் மின்சாரம் பெரும்பாலும் 28 வோல்ற் நேரோட்டமாகவும், சிலவற்றில் 400 ஹேர்ட்ஸ் ஆடலோட்டமாகவும் இருக்கும். நமது சுவர் மின்சாரமோ 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். குறுகிய பயணத்துக்குக் கருவியைப் பற்றரியிலேயே இயக்குவது எளிது. பற்றரி புதிதாக இருந்தபோது எத்தனை மணித்தியாலம் நின்றது என்று பாராமல், இன்று முழுச் சுமையில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அளந்து, பயண நேரத்தின் இரண்டு மடங்குக்குக் குறைந்தால் ஒதுக்கிவிடுங்கள். லிதியம் பற்றரிக்கு, அதைக் கொண்டுசெல்வதன் பாதுகாப்பைப் பார்க்கும் ஐநா 38.3 சோதனைச் சான்று கட்டாயம்; மலிவாகக் கிடைக்கும் மாற்றுப் பற்றரிகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் அகப்படுகின்றன.

கருவியை எப்படிப் பிடித்து வைப்பது என்பதைப் பலர் கடைசிக்கு விட்டுவிடுகின்றனர். சிறிய உலங்குவானூர்திகளுக்கான இன்றைய ஐரோப்பிய, அமெரிக்க விதிகளின்படி, அவசரத் தரையிறக்கத்தில் பயணிகளைக் காயப்படுத்தக்கூடிய பொருட்கள் முன்னோக்கி 16 மடங்கு, கீழ்நோக்கி 20 மடங்கு, பக்கவாட்டில் 8 மடங்கு, மேல்நோக்கி 4 மடங்கு புவியீர்ப்புச் சுமையிலும் கழன்றுவிடக் கூடாது. ஆறு கிலோ எடையுள்ள மொனிற்றர் முன்னோக்கி இழுக்கும்போது ஒரு பெரிய நெல் மூடையின் பாரத்துக்கு, அதாவது 96 கிலோவுக்கு, ஈடாகும். பழைய வகை வானூர்திகளுக்கு இவ்விலக்கங்கள் வேறுபடும் என்பதால், உரிய பெறுமானங்களை வானூர்திப் பொறியியலாளரிடமே கேட்டுப் பெற வேண்டும். நோயாளரின் கால்களுக்கிடையே மொனிற்றரை வைத்துத் துணிப்பட்டியால் கட்டும் வழக்கத்தை எந்தக் காரணம் கொண்டும் ஏற்க முடியாது.

மின்காந்தச் சோதனையே இம்முறையின் மையப் பகுதி. வானூர்தியைக் கட்டடங்களிலிருந்து தள்ளி நிறுத்தி, அதன் எல்லா மின்னணுக் கருவிகளையும் இயக்கி, மருத்துவக் கருவிகளை ஒவ்வொன்றாகவும் பின் எல்லாவற்றையும் சேர்த்தும் இயக்க வேண்டும். ஒவ்வொரு கருவியும் மிகக் கூடுதலாக உழைக்கும் நிலையில் இருக்க வேண்டும்: இரத்த அழுத்தம் அளக்கும் மொனிற்றரின் கைப்பட்டியில் காற்றேறும்போதும், உறிஞ்சு கருவி ஓடும்போதும், டிபிபிரிலேற்றர் மின்னேறிச் சோதனைச் சுமையில் வெளியேற்றும்போதும் விமானி கவனிக்க வேண்டும். 108 முதல் 137 மெகாஹேர்ட்ஸ் வரையான வழிகாட்டல், குரல் அலைவரிசைகளில் இரைச்சல் எழுகிறதா, ஜீபீஎஸ் நிலை தவறுகிறதா, திசையறி கருவி விலகுகிறதா, எரிபொருள் மானி துள்ளுகிறதா என்பவை குறிக்கப்படும். பின்னர் எதிர்த்திசையில், விமானி ஒவ்வொரு வானொலியிலும் ஒலிபரப்பும்போது சிறிஞ்ச் பம்மின் வேகம் மாறுகிறதா, சுவாசக் கருவி பொய் எச்சரிக்கை தருகிறதா, ஈசிஜி கோடு சிதைகிறதா என்பதைத் தாதியரோ வைத்தியரோ பார்க்க வேண்டும். இதனை ஒரு கட்ட அட்டவணையாக, இடப்பக்கம் மருத்துவக் கருவிகளும் மேற்பக்கம் வானூர்தி முறைமைகளுமாக நிரப்பினால் எதுவும் விடுபடாது.

தரையில் தேறிய பின்னரே நோயாளரின்றிச் சோதனைப் பறப்பு. அங்கு முக்கியமாகப் பார்க்க வேண்டியது, அதிர்வில் கைப்பட்டி இரத்த அழுத்தம் எவ்வளவு நம்பத்தக்கது என்பதும், இயந்திர இரைச்சலில் எச்சரிக்கை ஒலி கேட்கிறதா என்பதும் ஆகும். பெரும்பாலும் கேட்காது, ஆகவே ஒளி எச்சரிக்கை, கவனிப்பவரின் பார்வைக்கு நேரே வரும்படி கருவியின் இடத்தைத் தெரிவு செய்யுங்கள்.

ஒட்சிசன் குறித்துச் சுருக்கமாக: உருளையின் வால்விலோ கையிலோ எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது, 680 லீற்றர் கொண்ட நிறைந்த உருளை நிமிடத்துக்கு 15 லீற்றர் வீதம் 45 நிமிடங்களே வரும், டிபிபிரிலேற்றர் பயன்படுத்து முன் முகமூடியை நோயாளரின் மார்பிலிருந்து விலக்கும் ஒழுங்கைக் குழுவினர் ஒத்திகை பார்க்க வேண்டும்.

அனுமதி கிடைத்ததும், வானூர்தி வகையும் அனுமதித் திகதியும் காட்டும் அடையாளச் சீட்டைக் கருவியில் ஒட்டி, தொடரிலக்கத்தைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். நமது கடற்கரைக் காற்றில் இணைப்பிகள் விரைவில் பச்சை பிடிப்பதால், மின்கசிவுச் சோதனையைக் கடற்கரையிலிருந்து தள்ளியுள்ள வைத்தியசாலைகள் செய்வதைவிட அடிக்கடி செய்வது தக்கது. மென்பொருள் புதுப்பிக்கப்பட்டாலோ, மாற்றுக் கம்பி போடப்பட்டாலோ, கருவி கீழே விழுந்தாலோ, வானூர்தியில் புதிய வானொலி பொருத்தப்பட்டாலோ, அந்தச் சீட்டை உடனே அகற்றி, மாற்றத்தால் பாதிக்கப்படும் சோதனைகளை மீண்டும் செய்து முடித்த பின்னரே கருவியை ஏற்ற வேண்டும்.