கோடிங்கோடு சேர்த்து இதையும் சொல்லிக்கொடுங்கள்

பெங்களூரு அல்சூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் நம்ம பிள்ளைகளுக்கு பைத்தான் என்ற கணினி மொழி சொல்லித்தருகிறேன். லூப், ஃபங்ஷன் எல்லாம் மூன்று மாதத்தில் பிடித்துவிடுவார்கள். "தெரியாது" என்று வாய்விட்டுச் சொல்ல வருவதற்குத்தான் நாளாகிறது. நீங்களும் பாடம் எடுப்பவர் என்றால் முதல் வகுப்பிலேயே அதிலிருந்து தொடங்குங்கள்.

எப்படி? ஒரு கேள்விக்கு உங்களுக்கே பதில் தெரியாதபோது மழுப்பாமல், "எனக்கும் தெரியலப்பா, வா பார்ப்போம்" என்று அவர்கள் முன்னாலேயே தேடுங்கள். எரர் வந்தால் கீபோர்டைப் பிடுங்காதீர்கள். போன வாரம் ஒரு பையன் இன்டென்டேஷன் எரர் (வரியின் தொடக்கத்தில் விடவேண்டிய இடைவெளி சரியில்லை என்ற பிழை) வந்ததும் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான், நான் அதை அவன் பக்கமே திருப்பி வைத்து, அந்த எரர் செய்தியைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். படித்தான், வரி எண்ணை விரலால் தொட்டான், நான்கு ஸ்பேஸ் விட்டுப்போனதை அவனே கண்டுபிடித்தான். "அண்ணா, ஓடுது!" அந்த முகத்தைப் பார்க்கத்தான் நான் வாரம் தவறாமல் போகிறேன்.

அப்புறம் கன்னடம். "கொத்தில்ல, ஹேளிக்கொடி" என்று சொல்லவாவது பழக்குங்கள். தெரியாது, சொல்லிக்கொடுங்கள் என்று அர்த்தம். வகுப்பு முடிந்து ஏரிப் பக்கம் 2009-இல் திறந்த வள்ளுவர் சிலை வரை எல்லோரும் நடப்போம், வழியில் டீயைக் கன்னடத்திலேயே கேட்க வைப்பேன். கூச்சம் அங்கேதான் உடைகிறது.

வேலை கிடைத்துப் போனவர்களையும் விட்டுவிடாதீர்கள். மாதம் ஒருமுறை வந்து புதிதாகச் சேர்ந்த ஒருவர் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். சலித்துக்கொள்ளாமல் சொல்லித்தருகிறார்களா என்று மட்டும் பாருங்கள்.