தண்ணீர் குடித்த இன்ஜின்: மாற்றிய காருக்குக் காசு யார் தருவார்?

வெள்ளத்தில் கார் நின்றுவிட்டால் மறுபடி செல்ஃப் அடிக்காதீர்கள். இன்ஜின் பிழைப்பதும், இன்சூரன்ஸ் பணம் வருவதும் பெரும்பாலும் அதைப் பொறுத்தவை. இன்ஜின் காற்றை உறிஞ்சும் வழியை, அதாவது இன்டேக்கை, வெளியில் மாற்றிய கார் என்றால் இரண்டிலும் சிக்கல் கூடும்.

பாலக்காட்டின் கிழக்கே, கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. இங்கே மழை விட்டிருந்தாலும், ஆழியாறு அணையில் தண்ணீர் திறந்தால் சித்தூர்ப்புழையின் தரைப்பாலங்கள் மூழ்கும். வெயிலில் கிளம்பி வந்து தண்ணீரில் மாட்டுவது அப்படித்தான்.

கம்பெனியில் பூட்டி வரும் ஏர் ஃபில்டர் பெட்டியின் வாய் பெரும்பாலும் பானெட் உயரத்தில், முன் கிரில்லுக்கு மேலே இருக்கும். வெளியில் வாங்கிப் பூட்டும் கோல்டு ஏர் இன்டேக் என்ற காற்றுக் குழாயில் ஃபில்டரைக் குளிர்ந்த காற்றுக்காக பம்பருக்குப் பின்னால், ஃபெண்டர் உள்ளே இறக்கிவிடுகிறார்கள். வண்டியையும் தாழ்த்தியிருந்தால் முழங்கால் அளவுத் தண்ணீரே அந்தக் கூம்பு ஃபில்டரை முக்கிவிடும். முன்னால் போகும் லாரி தள்ளிவிடும் அலை அதற்கும் மேலே வரும்.

எவ்வளவு தண்ணீர் போதும் என்று கணக்குப் போட்டால் பயம் வரும். 1,248 சிசி, நான்கு சிலிண்டர் டீசல் என்றால் ஒரு சிலிண்டருக்கு 312 சிசி. கம்ப்ரெஷன், அதாவது காற்றைப் பிஸ்டன் அமுக்கும் விகிதம், 17க்கு 1 என்று வையுங்கள். பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிச்சமிருக்கும் இடம் சுமார் 20 மில்லி. அதற்கு மேல் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் போக வழியில்லை. தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். பெட்ரோலில் இந்த இடம் கொஞ்சம் அதிகம் என்பதால் சில சமயம் தப்பிக்கலாம், அவ்வளவுதான்.

நின்ற இடத்தில் செய்ய வேண்டியவை இவை. சாவியை அணையுங்கள். நியூட்ரலில் போட்டு மேட்டுக்குத் தள்ளுங்கள். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். கதவில் தண்ணீர் நின்ற கோடு, நனைந்த ஃபில்டர், சாலை, ஓடோமீட்டர் எல்லாவற்றையும் நேரத்துடன் படமெடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அங்கிருந்தே போன் செய்து புகார் எண் வாங்குங்கள். வண்டியை ரீகவரி வண்டியில்தான் ஏற்ற வேண்டும். கியரில் போட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் செல்ஃப் அடிப்பதும் ஒன்றே.

இன்சூரன்ஸுக்காகச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்க்கும் முன் இன்ஜினில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள். வாளையார் தாண்டிக் கோவை பட்டறைக்குக் கொண்டுபோவதாக இருந்தால், எந்தப் பட்டறை என்று கம்பெனிக்கு முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

சர்வேயர் பார்த்தபின், பட்டறையில் எல்லா ஸ்பார்க் பிளக்கையும், டீசலானால் இன்ஜெக்டர் அல்லது குளோ பிளக்கையும் கழற்ற வேண்டும். கிராங்க் புல்லியில் ராட்செட் போட்டு, இன்ஜின் சுழலும் திசையில், கையால் இரண்டு முழுச் சுற்று. தட்டி நின்றால் வலிந்து தள்ளக் கூடாது. டர்போ வண்டியில் உள்ளே போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரையும் குழாய்களையும் கழற்றி வடிக்க மறந்தால், இத்தனையும் செய்த பிறகு அதில் தேங்கிய தண்ணீர் திரும்ப உள்ளே போகும். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது: ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, சிறிது ஓட்டியபின் இன்னொரு முறையும் மாற்ற வேண்டும்.

ஸ்டார்ட் ஆகிவிட்டதே என்று திருப்தி அடைவதுதான் மிகப் பெரிய தவறு. லேசாக வளைந்த ராடு பல நாள் ஓடும். பிறகு நெடுஞ்சாலையில் முறிந்து பிளாக்கைத் துளைக்கும். அதனால் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். பிளக் துளை வழியே ஒவ்வொரு பிஸ்டனும் உச்சியில் நிற்கும் உயரத்தை அளந்து ஒப்பிடச் சொல்லுங்கள். ஒன்று அரை மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தாலும் ஹெட்டைத் திறக்க வேண்டும்.

இனி காசு. தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் ஒரு ரூபாயும் வராது. காம்ப்ரிஹென்சிவ் பாலிசி வெள்ளச் சேதத்தை ஏற்கும். ஆனால் தண்ணீர் ஏறி ராடு வளைந்ததைப் பின்விளைவுச் சேதம் என்று கம்பெனிகள் ஒதுக்குகின்றன. அதற்குத்தான் பாலிசியோடு கூடுதலாக எடுக்கும் இன்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன். 'பம்பர் டு பம்பர் எடுத்திருக்கிறேனே' என்பார்கள். அது தேய்மானக் கழிவை மட்டும் நீக்குவது, இன்ஜினுக்கான காப்பு அல்ல.

ஆட்-ஆன் இருந்தாலும், இன்டேக்கை மாற்றியதைச் சொல்லாமல் விட்டிருந்தால் மறுப்பதற்கு வலுவான காரணம் கிடைத்துவிடுகிறது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவை விளக்கியது. உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது 182ஏ பிரிவு. ஆகவே பாகத்தின் பெயர், விலை, பூட்டிய தேதி, பில் நகல் சேர்த்து கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பி, ஏற்கிறார்களா என்று எழுத்திலேயே பதில் வாங்குங்கள். ஏஜென்ட் வாயால் சொன்னது உதவாது.

மறுத்தால் எந்த நிபந்தனையின்படி மறுக்கிறார்கள், மாற்றத்துக்கும் சேதத்துக்கும் என்ன தொடர்பு என்று எழுத்தில் கேளுங்கள். சர்வே அறிக்கையின் நகலையும் கேளுங்கள். அலாய் வீலையோ ஸ்பீக்கரையோ காட்டி இன்ஜின் பணத்தை மறுத்தால் விடாதீர்கள். தாழ்ந்த இன்டேக்கைக் காட்டினால் உங்கள் பக்கம் பலவீனமானது. அதை அறிந்தே வாதாடுங்கள்.

கம்பெனிக்கு எழுதி ஒரு மாதமாகியும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ஒரு வருடத்துக்குள், இன்சூரன்ஸ் புகார்களைத் தீர்க்கும் அதிகாரியான ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை. உங்கள் வீடு இருக்கும் பகுதியோ, கம்பெனிக் கிளை இருக்கும் பகுதியோ, எதை வைத்தும் புகார் கொடுக்கலாம்: பாலக்காட்டுக்காரருக்குக் கொச்சி, கோவைக் கிளைப் பாலிசி என்றால் சென்னை.

தண்ணீர் ஆபத்தைச் சொல்லாமல் இன்டேக்கைப் பூட்டிய பட்டறையிடமும் கேட்கலாம், பில் இருந்தால். பட்டறை கோவையில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட முடியும். பில் இல்லாமல் வாங்கிய பாகத்துக்கு இந்த வழி அநேகமாக அடைபட்டதுதான்.

பழைய ஃபில்டர் பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள். மழைக்காலத்துக்கு முன், மே கடைசியில் அதைத் திரும்பப் பூட்டுங்கள். பத்து மில்லிமீட்டர் ஸ்பானரும் ஸ்க்ரூ டிரைவரும் கொண்டு முடிகிற வேலை. இன்ஜினை இயக்கும் கணினியான இசியூவை ட்யூனிங் செய்திருந்தால், அதிலுள்ள அமைப்பையும் (மேப்) பழையபடி மாற்ற வேண்டியிருக்கும். ட்யூனரைக் கேட்டபின் ஓட்டுங்கள்.