நெட்வொர்க் வழி ஓஎஸ் நிறுவல் பாதியில் நின்றால்: எங்கே நின்றது என்று கண்டுபிடிக்கும் முறை

பென்டிரைவ் இல்லாமல், நெட்வொர்க் கேபிளை மட்டும் செருகி ஓஎஸ் நிறுவ ஆரம்பித்திருப்பீர்கள். கருந்திரையில் நாலு வரி ஓடும். பிறகு எதுவுமே நடக்காத மாதிரி கணினி ஹார்ட் டிஸ்கில் இருக்கும் பழைய ஓஎஸ்ஸுக்குப் போய்விடும். உடனே சர்வரில் செய்ததையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கத் தோன்றும். வேண்டாம். நெட்வொர்க் பூட்டில் ஒரு கட்டம் முடிந்தால்தான் அடுத்தது தொடங்கும். அதனால் திரையில் கடைசியாக வந்த வரியே பழுது எந்த இடத்தில் என்று சொல்லிவிடும்.

நடப்பது இதுதான். கணினியின் நெட்வொர்க் கார்டு டிஎச்சிபி சர்வரிடம் (நெட்வொர்க்கில் முகவரிகளைப் பங்கிட்டுக் கொடுப்பது) ஐபி முகவரி கேட்கும். பதிலோடு, பூட் கோப்பு எந்த சர்வரில் இருக்கிறது, அதன் பெயர் என்ன என்ற விவரமும் வர வேண்டும். அந்தக் கோப்பை டிஎஃப்டிபி என்ற எளிய கோப்புப் பரிமாற்ற முறை வழியாக இறக்கிக்கொள்ளும். அந்தக் கோப்பு தன் அமைப்புக் கோப்பைப் படித்து கெர்னலை (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) இறக்கும். கெர்னல் ஓடத் தொடங்கியதும் நிறுவி (இன்ஸ்டாலர்) நெட்வொர்க்கை மறுபடி முதலிலிருந்து எழுப்பும். இந்த ‘மறுபடி’யை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

படி 1: திரையை வீடியோ எடுங்கள்

பிழைச் செய்தி கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்துவிடும். போனில் வீடியோ எடுத்து நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பிஎக்ஸ்இ (இந்த நெட்வொர்க் பூட் முறையின் பெயர்) என்று தொடங்கி, இ61 என்பது போல முடியும் ஒரு குறியீடு இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே சர்வரின் லாகையும் (நடந்ததை எழுதிவைக்கும் பதிவு) திறந்து வையுங்கள். கோரிக்கை சர்வர் வரைக்கும் வந்ததா என்ற ஒரே கேள்வியில் பாதி சிக்கல் பிரிந்துவிடும்.

படி 2: இ61 வந்தால்

கேபிள். வேறு கேபிள், ஸ்விட்சில் வேறு போர்ட் என்று மாற்றிப் பாருங்கள். வைஃபையில் இந்த முறை பொதுவாக நடக்காது. குறியீடே வராமல் நேராக ஹார்ட் டிஸ்குக்குப் போனால், யூஇஎஃப்ஐ (கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருள், பழைய கணினிகளில் பயாஸ்) அமைப்பில் ‘நெட்வொர்க் ஸ்டாக்’ அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

படி 3: இ51 வந்தால், அல்லது யூஇஎஃப்ஐயில் இ16

டிஎச்சிபி பதில் வரவில்லை என்று அர்த்தம். சர்வர் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். டிஎச்சிபி கோரிக்கை ரவுட்டரைத் தாண்டாது. சர்வர் வேறு விலானில் (தனியாகப் பிரித்த நெட்வொர்க் பகுதி) இருந்தால், கோரிக்கையை அங்கே கடத்திவிட இடையில் டிஎச்சிபி ரிலே அமைத்தாக வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் பதில் இல்லையென்றால் ஸ்விட்சைச் சந்தேகப்படுங்கள். ஸ்பானிங் ட்ரீ (நெட்வொர்க்கில் வளையம் உருவாகாமல் தடுக்கும் வசதி) இயங்கும் ஸ்விட்சில் ஒரு போர்ட் உயிர்பெற வழக்கமாக 30 வினாடி ஆகும்: கேட்க 15, கற்க 15. அதற்குள் பல கணினிகள் கேட்டுக் கேட்டுக் கைவிட்டுவிடும். இதை உறுதிசெய்ய எளிய வழி உண்டு. கணினிக்கும் அந்த ஸ்விட்சுக்கும் நடுவில் ஒரு சாதாரண சின்ன ஸ்விட்சைச் செருகுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆனாலும் பெரிய ஸ்விட்சின் போர்ட் அணையாது, காத்திருப்பும் இருக்காது. இப்போது பூட் ஆனால் காரணம் தெரிந்துவிட்டது. பெரிய ஸ்விட்சின் அந்த போர்ட்டில், காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் வசதியை இயக்கிவிட்டு, சின்ன ஸ்விட்சைக் கழற்றிவிடலாம்.

படி 4: இ53 வந்தால்

ஐபி கிடைத்தது, பூட் கோப்பின் பெயர் கிடைக்கவில்லை. டிஎச்சிபி அமைப்பில் 66ஆவது விருப்பம் சர்வரையும், 67ஆவது கோப்புப் பெயரையும் சொல்லும். இரண்டும் நிரப்பியிருந்தும் இதே பிழை வந்தால், அதே நெட்வொர்க்கில் இன்னொரு டிஎச்சிபி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் அது ரவுட்டர்தான். அது முந்திக்கொண்டு வெறும் ஐபியை மட்டும் கொடுத்துவிடும். இரண்டில் ஒன்றை அணையுங்கள். ரவுட்டரைத் தொட முடியாவிட்டால் டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறிய சர்வர் மென்பொருளை ப்ராக்ஸி முறையில் ஓட்டுங்கள். ஐபியை ரவுட்டர் தரும், பூட் விவரத்தை மட்டும் டிஎன்எஸ்மாஸ்க் தரும்.

படி 5: கோப்பு இறங்கவில்லையென்றால்

இ32 என்றால் நேரம் கடந்துவிட்டது. பெரும்பாலும் ஃபயர்வால் வேலை. டிஎஃப்டிபி கோரிக்கை யுடிபி 69ஆம் போர்ட்டுக்குப் போகும், ஆனால் சர்வர் வேறொரு போர்ட்டிலிருந்து பதில் அனுப்பும். 69ஐ மட்டும் திறந்துவிட்டு ‘திறந்துதானே இருக்கிறது’ என்று நாம் குழம்புவது இங்கேதான். டி01 அல்லது இ23 என்றால் சர்வர் பேசுகிறது, கோப்பைத்தான் காணோம். பாதையை டிஎஃப்டிபி ஃபோல்டரிலிருந்து கணக்கிட வேண்டும், வன்தட்டின் வேரிலிருந்து அல்ல. லினக்ஸில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசமும் உண்டு.

கோப்பு முழுதாக இறங்கியும் கணினி சத்தமில்லாமல் பழைய இடத்துக்கே திரும்புகிறதா? பயாஸுக்கான கோப்பை யூஇஎஃப்ஐ கணினிக்குக் கொடுத்திருப்பீர்கள். பிஎக்ஸ்இலினக்ஸ் என்ற பூட்லோடரின் ‘.0’ என்று முடியும் கோப்பு பயாஸுக்கு மட்டுமே. யூஇஎஃப்ஐக்கு ‘இஎஃப்ஐ’ என்று முடியும் கோப்பு வேண்டும். கணினி எந்த வகை என்பதை டிஎச்சிபியின் 93ஆவது விருப்பத்தில் தானே சொல்லும்: 0 என்றால் பயாஸ், 7 என்றால் 64 பிட் யூஇஎஃப்ஐ. இதைப் பார்த்து ஆளுக்கேற்ற கோப்பைக் கொடுக்கும்படி சர்வரை அமைக்கலாம். செக்யூர் பூட்டை (கையொப்பமில்லாத பூட் கோப்பை ஓடவிடாத வசதி) சோதனைக்காக மட்டும் அணைத்துப் பாருங்கள். அப்போது ஓடினால், கையொப்பமிட்ட ஷிம் என்ற பூட் கோப்பை வைத்துவிட்டு செக்யூர் பூட்டைத் திரும்ப இயக்குங்கள்.

படி 6: மெனு வரவில்லையென்றால்

பிஎக்ஸ்இலினக்ஸ் தன் அமைப்புக் கோப்பை ஒரு வரிசையில் தேடும், சர்வர் லாகில் அது அப்படியே தெரியும். முதலில் கணினியின் யூயூஐடி (அதற்கே உரிய அடையாள எண்). அடுத்து 01 என்று தொடங்கி, கோடுகளால் பிரித்து, சிறிய எழுத்தில் எழுதிய மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்). பிறகு பதினாறடிமான எண்ணில் ஐபி முகவரி: 192.168.1.20 என்பது சி0ஏ80114 ஆகும். அது இல்லையென்றால் கடைசி எழுத்தை வெட்டி சி0ஏ8011, இன்னொன்றை வெட்டி சி0ஏ801 என்று குறைத்துக்கொண்டே போய், கடைசியில் ‘டிஃபால்ட்’ கோப்பைக் கேட்கும். நீங்கள் வைத்த பெயர் இந்த வரிசையில் எதோடும் பொருந்தாவிட்டால் லாகைப் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

படி 7: நிறுவி தொடங்கிய பிறகு நின்றால்

அதிகம் தலைசுற்ற வைப்பது இதுதான். ‘இவ்வளவு நேரம் நெட்வொர்க் வேலை செய்ததே, இப்போது மட்டும் கார்டே இல்லை என்கிறதே?’ இதுவரை நெட்வொர்க்கை இயக்கியது கார்டின் சொந்த மென்பொருள். இனி ஓஎஸ்ஸின் டிரைவர். அது இல்லாவிட்டால் நிறுவிக்கு அந்தக் கார்டு கண்ணில் படாது.

டெபியன் நிறுவியில் ஆல்ட்டும் எஃப்4ம் அழுத்தினால் லாக், ஆல்ட்டும் எஃப்2ம் அழுத்தினால் கட்டளைத் திரை. ஃபர்ம்வேர் காணோம் என்று லாக் சொன்னால், அதை இனிட்ஆர்டி கோப்போடு (கெர்னலுடன் இறங்கும் தொடக்கக் கோப்புத் தொகுப்பு) சேர்த்துக் கொடுங்கள். கெர்னல் மாட்யூல்கள் (டிரைவர் போன்ற துணைப் பகுதிகள்) கிடைக்கவில்லை என்று வந்தால், உங்கள் சர்வரில் இருக்கும் நெட்பூட் கோப்புகள் பழசு. களஞ்சியத்தில் கெர்னல் முன்னேறிப் போய்விட்டது, புதிதாக இறக்கி வையுங்கள். விண்டோஸ் நிறுவியில் ஷிஃப்டும் எஃப்10ம் அழுத்தி ஐபி முகவரி வந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பூட் இமேஜில் கார்டின் டிரைவரைச் சேர்க்க வேண்டும்.

ஐஎஸ்ஓ முழுவதையும் ராமில் இறக்கும் நிறுவிகளில் ‘இடமில்லை’ என்று வந்தால் ஹார்ட் டிஸ்கைச் சந்தேகப்படாதீர்கள், ராம் போதவில்லை. சான்றிதழ் செல்லாது என்று வந்தால் கணினியின் தேதியைப் பாருங்கள்.

படி 8: முடிந்ததும் மறுபடி நிறுவத் தொடங்கினால்

நிறுவல் நன்றாகவே முடிந்திருக்கிறது. பூட் வரிசையில் நெட்வொர்க் முதலில் இருப்பதால் திரும்பவும் நிறுவிக்குள் போகிறது. தானியங்கி நிறுவல் அமைத்திருந்தால் இது ஆபத்து, கேட்காமலே டிஸ்கை அழித்துவிடும். ‘டிஃபால்ட்’ கோப்பில் ஹார்ட் டிஸ்கிலிருந்து பூட் ஆகும்படி வைத்துவிட்டு, நிறுவ வேண்டிய கணினிகளுக்கு மட்டும் அவற்றின் மேக் முகவரியில் தனிக்கோப்பு வையுங்கள். வேலை முடிந்ததும் அந்தக் கோப்பை நீக்கிவிடுங்கள்.